லீவில் வந்தவர்

மாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒருத்தி புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ், ஃபெயிலுக்கும் அன்சக்சஸ்ஃபுல்லுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே தோத்துப்போறதுதானே?" என்று கேட்டாள். பரீட்சையில் போனால் ஃபெயில், வேலைக்கு மனு போட்டு அவர்கள் வேண்டாம் என்றால் அன்சக்சஸ்ஃபுல், வியாபாரத்தில் போனால் லாஸ், தேர்தலில் போனால் டிஃபீட், சினிமா போனால் ஃப்ளாப் என்று வரிசையாகச் சொன்னேன். "ஃபெயில்னா மூஞ்சியில அடிக்கிறது. அன்சக்சஸ்ஃபுல்னா உக்கார வச்சு டீ குடுத்துட்டு அடிக்கிறது" என்றும் சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு எனக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது.

கும்பகோணத்தில் மூன்று வருடம் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள் நான். இருந்தாலும் இந்த விஷயத்தில் கல்லூரி சொல்லிக்கொடுத்ததைவிட, வாழ்க்கைப்பட்ட ஊர் சொல்லிக்கொடுத்தது அதிகம். கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில், காவிரியிலிருந்து பிரிகிற ஓர் ஆற்றின் கரையில் இருக்கிற முஸ்லிம் ஊர். தெருவில் ஆண்கள் என்று பார்த்தால் வயதானவர்கள் இருப்பார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் சபுராளிகள். வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பேர். தோல்வி என்ற சொல்லை இந்தத் தெருவில் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். அது கிரிக்கெட்டுக்கும், டிவியில் செய்தி வாசிப்பவருக்கும் உரியது. சொந்த வீட்டில் நடந்துவிட்டால் அதை இங்கிலீஷில்தான் சொல்வார்கள்.

ஒரு சபுராளி வந்து இறங்கினால் தெரு மூன்று சொற்களில் ஒன்றைக் கேட்டு வாங்காமல் விடாது. லீவு என்றால் திரும்பிப் போகிற டிக்கெட் பையில் இருக்கிறது, ஆள் கெட்டி என்று அர்த்தம். எக்ஸிட் என்றால் வீடு கட்டி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, போதும் என்று மரியாதையாக முடித்துக்கொண்டு வந்தவர். கேன்சல் என்றால் கம்பெனியே விசாவை வெட்டி அனுப்பிவிட்டது. மூன்று பேரும் அதே திருச்சி விமான நிலையத்தில்தான் இறங்குகிறார்கள், அதே போல் தூக்கம் கெட்ட கண்ணோடுதான் வருகிறார்கள். ஆனால் எந்தச் சொல்லோடு தெருவுக்குள் நுழைகிறார் என்பதைப் பொறுத்துத்தான் சலாம் சொல்கிறவர்களின் குரல் ஏறும் இறங்கும்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் ஆனி மாதக் கடைசியில் என் வீட்டுக்காரர் வந்தார். ஏசி மெக்கானிக். மீசை சரியாக முளைக்காத வயதில் போனவர். அவருடைய கம்பெனியின் ஒப்பந்தம் வேறு யாருக்கோ போய்விட்டதால் ஒரு கூட்டத்தையே விசா கேன்சல் செய்து அனுப்பினார்கள். அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை. முந்தின நாள் போனில், "நாளைக்கு வர்றேன், கேன்சல் பண்ணிட்டாங்க. அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை போன புருஷன் வருகிறார் என்று ஒருத்தி சந்தோஷப்படலாமா என்று யாரும் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். கல்யாணமான நாளிலிருந்து அவரோடு சேர்ந்து ஒரு மழைக்காலத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் வருகிற காரை யாரும் பார்க்கமாட்டார்கள், காரின் தலையைத்தான் பார்ப்பார்கள். சபுராளி வந்தால் மேலே கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் இருக்கும். அன்றைக்கு வந்த காரின் தலை மொட்டையாக இருந்தது. எதிர்வீட்டு லாத்தா வாசலுக்கே வந்துவிட்டார். லாத்தா என்றால் அக்கா. புருஷன் இறந்துபோய், ஒரே மகனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர். நல்ல மனுஷிதான், கண் மட்டும் கொஞ்சம் கூர்மை.

"என்ன பெரியம்மா, தம்பி திடீர்னு வந்திருக்கு? பெட்டி ஒண்ணையும் காணோமே?"

அவர் கேட்டது என் மாமியிடம், அதாவது என் வீட்டுக்காரரின் அம்மாவிடம். மகன் காரிலிருந்து இன்னொரு காலைக் கூட எடுத்து வைக்கவில்லை. மாமி சட்டென்று, "லீவும்மா, அவசர லீவு. பெட்டியெல்லாம் கார்கோல வருது" என்றார்.

உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏம்மா பொய் சொல்றீங்க? கேன்சல்னு சொல்லிட்டுப் போவேண்டியதுதானே. நாளைக்கே தெரியப்போவுது."

"சொல்லு. உங்க அத்தா சொன்னாங்கள்ல, அதே மாதிரி நீயும் சொல்லு" என்றார் மாமி. 

அத்தா என்றால் அப்பா, அவருடைய தகப்பனார். நான் மருமகளாக வருவதற்கு முன்பே இறந்துபோனவர். வாலிபத்தில் சவுதிக்குப் போன கொஞ்ச நாளிலேயே கேன்சலில் திரும்பிவிட்டாராம். கள்ளமில்லாத மனுஷன், கேட்டவர்களிடம் எல்லாம் உள்ளதைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் கேன்சல் பாய் என்று பேர். எங்கள் ஊரில் பட்டப்பேர் ஒட்டிக்கொண்டால் உரிந்து வராது. இந்த வீடு கேன்சல் வீடு, மாமி கேன்சல் வீட்டம்மா. அவர் இறந்த அன்று பள்ளிவாசல் மைக்கில் சரியான பேரைத்தான் அறிவித்தார்கள். தெருவில் யாரோ "யாருப்பா அது?" என்று கேட்க, "நம்ம கேன்சல் பாய்தான்" என்று பதில் போனதை மாமி மய்யித்தின் பக்கத்தில் உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அந்த அம்மாவிடம் நீட்டி, வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

"எக்ஸிட்னாவது சொல்லியிருக்கலாமே மாமி" என்றேன் நான்.

"நாப்பது வயசுல எக்ஸிட்டா? யாரு நம்புவா? உடம்புக்கு என்னமோ வந்துடுச்சும்பாங்க."

அதுவும் சரிதான். எக்ஸிட்டுக்குத் தாடி நரைத்திருக்க வேண்டும். ஆகக்கூடி மிச்சமிருந்தது லீவு ஒன்றுதான், அதையே வைத்துக்கொண்டோம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றுகூட அப்போது நினைத்தேன்.

கார்கோவில் வருகிற பெட்டிக்கு வழி பண்ண வேண்டியிருந்தது. அவரும் நானும் கும்பகோணத்தில் ஃபாரின் சாமான் விற்கிற கடைக்குப் போய் சோப்பு, பேரீச்சம்பழம், பால் பவுடர், சென்ட் என்று வாங்கி, விலைச் சீட்டை எல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, பழுப்பு டேப்பைச் சுற்றுச் சுற்றென்று சுற்றினோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில், ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருந்தபோது ஒரு வேனில் கொண்டுவந்து இறக்கினோம். மாமி தெரு முழுக்கப் பங்கு வைத்தார். எதிர்வீட்டு லாத்தா சோப்பை முகர்ந்துவிட்டு, "அந்த ஊர் சோப்பு வாசனையே தனிதான்" என்றார். அன்றைக்கு நானும் அவரும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகச் சேர்ந்து சிரித்தது அதுதான்.

அந்த மாதங்களை இப்போதும் நான் நாள் நாளாக எண்ணிப் பார்ப்பதுண்டு. அவருடைய உண்மையான லீவுகள் எல்லாம் கோடையில்தான் வரும், அப்போது ஆறு மணலாகக் கிடக்கும். இந்தத் தடவைதான் வாலிபத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தண்ணீர் வந்த ஆற்றைப் பார்த்தார். காலையில் மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு போய்க் குளித்துவிட்டு, வரும் வழியில் கெண்டையோ கெளுத்தியோ வாங்கி வருவார். நடவு நடக்கிற வயல் வரப்பில் வேலையில்லாமல் நின்று வேடிக்கை பார்ப்பார். மகளுக்கு ஜுரம் வந்தபோது அவரே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். நான் வீட்டிலேயே இருந்தேன். ஜுரத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை அவர். கும்பகோணத்தில் ஒரு ஏசி சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அது ஊருக்குத் தெரியக்கூடாது. லீவில் வந்த மனுஷன் எப்படி இருப்பார் என்று எங்கள் ஊரில் ஓர் இலக்கணம் உண்டு. வெள்ளைச் சட்டை, கையில் பெரிய வாட்ச், பத்தடி தள்ளி நின்றாலும் அடிக்கிற சென்ட். தினமும் அப்படியே புறப்படுவார். வேலைக்குப் போடுகிற துணி பைக்குள் இருக்கும், அங்கே போய் மாற்றிக்கொள்வார். கூட்டாளியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். "இந்த உலகத்துல மாப்பிள்ளை வேஷத்துல வேலைக்குப் போற ஒரே மெக்கானிக் நான்தான்" என்பார். சாயங்காலம் அவர் கையிலிருந்து வருகிற எண்ணெய் வாசனை எனக்கு அந்தச் சென்ட்டைவிடப் பிடித்திருந்தது.

பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் ஒரு கடை பூட்டிக் கிடந்தது. முன்னால் ஒரு புங்கமரம். தினமும் பஸ்ஸுக்கு நின்று நின்று அந்த ஷட்டரின் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. சபுராளி வீடுகளில் எல்லாம் ஏசி வந்துவிட்ட காலம். ஒரு வீட்டில் ஏசி நின்றுபோனால் கும்பகோணத்திலிருந்து ஆள் வர வேண்டும், வந்தவன் பஸ் காசையும் சேர்த்துப் பிடுங்குவான். ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்த இடத்துல நான் ஒரு சர்வீஸ் கடை போட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"போடுங்க. எதுக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க?" என்றேன்.

"லீவுல வந்தவன் கடை போடுவானாம்மா?" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தச் சொல்லின் மேல் முதல்முறையாக எனக்குக் கோபம் வந்தது. கேன்சல் என்று சொல்லியிருந்தால் மறுநாளே கடை போட்டிருக்கலாம். போன இடத்தில் போய்விட்டது, இனி இங்கேதான் என்று ஊரும் ஒத்துக்கொண்டிருக்கும். லீவு என்ற சொல்லில் திரும்பிப் போகிற கடமையும் சேர்ந்தே இருக்கிறது. அதை யோசிக்காமல் மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நாள் ஆக ஆகக் கேள்வி வந்தது. "எப்ப பயணம்?" என்பார்கள். நலம் விசாரிப்பதுதான், குத்திக் கேட்பது இல்லை. இவர் சிரித்து மழுப்புவார். ஒரு கல்யாண வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து மாமியைக் கேட்டுவிட்டார்கள், "என்ன பெரியம்மா, லீவு நீண்டுக்கிட்டே போவுது?" என்று. மாமிக்கு அந்த "நீண்டுக்கிட்டே" சுட்டுவிட்டது. "ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சதும் பயணம்" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பெருநாள் முடிந்த மறுநாளிலிருந்து வீட்டுக்குப் பைகள் வரத் தொடங்கின. யாராவது பயணம் போகிறார் என்றால், அங்கே இருக்கிற தங்கள் பிள்ளைகளுக்குச் சாமான் கொடுத்து விடுவது எங்கள் ஊர் வழக்கம். மாட்டேன் என்று சொல்கிறவரை நான் கண்டதில்லை, சொன்னால் பெரிய பேச்சாகிவிடும். அரைத்த மல்லித்தூள், மூன்று பாலிதீன் உறை போட்ட நார்த்தங்காய் ஊறுகாய், கைலி, கருவாடு. முன்னறைச் சுவர் ஓரமாக அவை சேர்ந்துகொண்டே போயின. மாமி தலைகுனிந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். "யாருக்கு என்னன்னு எழுதி ஒட்டிடும்மா" என்று என்னிடம் சொன்னார்.

"எல்லாத்தையும் கூரியர்ல அனுப்பிடலாம்" என்றேன் அவரிடம். அவரும் சரி என்றார். அதற்குள் ஒரு முறை சிரிக்கவும் செய்தார், "கருவாட்டுக்குக் கூரியர்காரன் என்ன சொல்லுவானோ" என்று. அவர் கும்பகோணத்தில் தங்கிக்கொண்டு, வளைகுடாவிலிருந்து போன் செய்வதுபோல் எப்படி நடிப்பது என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எதிர்வீட்டு லாத்தா வந்தார். கையில் ஒரு டப்பா. மகனுக்குப் பிடிக்கும் என்று தம்ரூட் செய்திருந்தார், ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுக் கிளறி, மேலும் கீழும் நெருப்பு வைத்து வேகவைக்கிற இனிப்பு. டப்பாவை என் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்தார்.

"தம்பி, இதை வேற யாருகிட்டயும் குடுத்தனுப்பிடாதீங்க. நீங்களே நேர்ல போய்க் குடுக்கணும். ஆறு மாசமா வீடியோல வரமாட்டேங்கிறான். கேமரா ரிப்பேர்ங்கிறான். ஒரு போனுக்கு இத்தனை நாளா ரிப்பேர் இருக்கும்? அவன் மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படி இருக்கான்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்தவங்க சொன்னா நான் நம்பமாட்டேன், நீங்க சொன்னா நம்புவேன்."

நீங்க சொன்னா நம்புவேன் என்றார். சோப்பு வாசனையை நம்பிய அதே லாத்தா. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நிஜமாகவே பயணம் போகத் தீர்மானித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய், "லாத்தாகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடலாம்ங்க" என்றேன். "சொன்னா, அப்ப என் புள்ளை முகத்தை யாரு பார்ப்பான்னு கேட்கும். அதுக்கு என்ன பதில் வச்சிருக்கே?" என்றார்.  எனக்கு அந்த லாத்தாவின் மேலும், மாமியின் மேலும், அந்த டப்பாவின் மேலும் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த வாரமே ஏஜென்டைப் பிடித்து விசிட் விசா எடுத்தார். போய் வேலை தேடிக்கொள்கிற விசா அது. பயணம் போகிறவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வது வழக்கம். வெள்ளைச் சட்டை, வாட்ச், சென்ட்டோடு எல்லா வீட்டுக்கும் போய்ப் பயணம் சொன்னார். எல்லாரும் துஆ செய்தார்கள். மாமி வாசல்வரை வந்தவர், கார் நகர்ந்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அத்தா கும்பகோணத்துலேர்ந்து வந்தாச்சா?" என்று கேட்டாள்.

போய்ச் சேர்ந்த மறுநாளே அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு லாத்தா மகனைத் தேடிப் போனார். கம்பெனி மூடிப் பல மாதம் ஆகியிருந்தது. பையன் கூட்டாளிகள் அறையில் ஒண்டிக்கொண்டு, அவர்கள் சமைத்ததில் ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தான். கேமரா நன்றாகத்தான் இருந்தது, கன்னம்தான் ஒட்டிப்போயிருந்தது. அம்மாவிடம் ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்தத் தம்ரூட்டைத் தின்றார்களாம். தின்றுகொண்டிருக்கும்போதே பையன் அழுதுவிட்டானாம். இவர் லாத்தாவுக்குப் போன் போட்டு, "நல்லாருக்கான் லாத்தா, கொஞ்சம் இளைச்சிருக்கான், அவ்வளவுதான்" என்றார். எனக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னார்.

பையனிடம் அவர் சொன்னது இதுதான்: "நீ ஊருக்குப் போ. யாரு கேட்டாலும் கேன்சல்னு சொல்லு. லீவுன்னு மட்டும் சொல்லிடாதே. பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல ஒரு கடை பூட்டிக் கிடக்கு, அதைப் போய்ப் பாரு." பையன் அங்கே எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன். ஏசி வேலையைப் போனிலேயே சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். தன் கையில் இருந்த எல்லாவற்றையும் இப்படி அவனிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று கேட்டபோது, நான் பெருமைப்பட்டேன் என்று சொன்னால் பொய். "உங்களுக்கு?" என்று கத்தினேன். "விசிட் முடியட்டும், பார்ப்போம்" என்றார்.

பையன் வந்தான். கார்கூட இல்லை, பஸ்ஸில் வந்து இறங்கினான். டீக்கடையில் யாரோ "என்னடா, லீவா?" என்று கேட்டதற்கு, "கேன்சல், மாமா" என்றான். எங்கள் வாசல்வரை அது கேட்டது. மாமி எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் தெருவில் அதுதான் பேச்சு. அதற்கு மறுநாள் வேறு யாரோ வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான். வீட்டுக்கு வீடு ஒருவர் திரும்பி வந்துகொண்டிருக்கிற காலத்தில் யாரை என்ன பட்டப்பேர் வைத்துக் கூப்பிடுவது? மாமி பயந்துகொண்டிருந்த ஊர் அவருடைய வாலிபத்தில் இருந்த ஊர். அது எப்போதோ மாறிவிட்டது. இரண்டு நாள் பேச்சு. அதற்குப் பயந்துதான் நாங்கள் அவரை அனுப்பினோம். இதை நினைக்காமல் நான் ஒரு நாளும் அந்த பஸ் நிறுத்தத்தில் நின்றதில்லை.

புங்கமரத்தடிக் கடை திறந்தது. நல்ல ஓட்டம். லாத்தா தன் மகனுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்தார், இப்போது பேரப்பிள்ளையும் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் விசிட் விசா முடிவதற்குள் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலையில் சேர்ந்தார். ஏசி வேலைக்கு வயதில் சின்னவர்களைத்தான் கேட்கிறார்களாம். விசாவுக்கு ஆன செலவை அடைத்துவிட்டு வருகிறேன் என்றார், பிறகு மகள் படிப்பு முடியட்டும் என்றார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். கோடையில், ஆறு மணலாகக் கிடக்கும்போது. மகள் இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள். அத்தா வந்தால் அவருக்கு மரியாதையாக எழுந்து நிற்கிறாள், வேறு என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்தக் கோடையில் எங்கள் ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. லாத்தா மகனைக் கூப்பிட்டேன். வந்து கழற்றிப் பார்த்தவன், "ஒரு நிமிஷம் மதினி" என்று சொல்லிவிட்டு வீடியோவில் அண்ணனைப் பிடித்தான். முறை பார்க்காமல் அவன் என் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் என்னை மதினி என்றும்தான் கூப்பிடுவான். போனை மிளகாய் டப்பாவில் சாய்த்து வைத்தான். அங்கே இவர் தலையில் வலைத் தொப்பியோடு, பிஸ்கட் கம்பெனியின் பின்பக்கத்தில் பிரேக்கில் உட்கார்ந்திருந்தார்.

"கம்ப்ரஸரைத் தொட்டுப் பாரு. கொதிக்குதா? அப்ப ரிலே போயிருக்கும். அந்தக் கறுப்பு டப்பியை உருவு. மெதுவா, மெதுவா. வொயரை இழுக்காதே."

அவன் உருவினான். என் வீட்டு அடுப்படியில், என் புருஷன் சொல்லச் சொல்ல, இன்னொருத்தனுடைய கை வேலை செய்தது. நடுவில் இவர், "அந்த ஓட்டைச் சட்டியை இன்னும் தூக்கிப் போடலையா?" என்று என்னைக் கேட்டார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். புது ரிலே போட்டதும் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கியது.

மாமி எப்போது வந்து நின்றார் என்று நாங்கள் கவனிக்கவில்லை. போனைக் கையில் எடுத்து முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

"தம்பி, போதும்டா, வந்துடு. கேன்சல்னே சொல்லிக்குவோம். இப்ப ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்றதில்லடா. நான்தான் தெரியாம உன்னை அனுப்பிட்டேன்."

 அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் வந்தது. கோபமோ வருத்தமோ இல்லாத, வேலை விஷயம் பேசுகிற குரல்.

"வந்து என்னம்மா செய்யிறது? நம்ம ஊருக்கு ஒரு மெக்கானிக் போதும். அவன் நல்லாப் பண்றான்."

மாமி போனை என்னிடம் நீட்டினார். வாங்குவதற்குள் பிரேக் முடிந்து இணைப்பு போய்விட்டது. லாத்தா மகன் வேலையை முடித்துவிட்டிருந்தான், ஆனாலும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து எழுந்து வராமல் குனிந்தே இருந்தான்.